கல்லடியில் விக்கி விக்கி ஓடிய கேமும், டவுன் கடை அடித்த போர்மட்டும்

இந்த முறை ஊருக்குப் போனபோது உதயதேவி ரயில் நேரத்துக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழ் அலுவலும் அலைச்சல் இல்லாமல் முடிந்தது. அவற்றை விடுவோம். இதை எழுத வைத்தது கல்லடியில் தங்கச்சி வீட்டுக் கொம்பியூட்டரும், மட்டக்களப்பு டவுனில் ஒரு கடை அதைக் கையாண்ட விதமும்தான்.

கொரோனாக் காலத்தில் வகுப்புகள் எல்லாம் சூமில் நடந்தபோது நான் ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பி எடுத்துக் கொடுத்த மெஷின் அது. ஐ5 10400 புரொசசர், படத்தைத் திரைக்குத் தரும் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ராம். மருமகன் விளையாடுவது ஜிடிஏ ஃபைவ். 2015இல் கணினிக்கு வந்த கேம், 2019இல் வந்த கார்டுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் கார் ஒரு வளைவில் திரும்பினால் படம் ஒரு கணம் நின்று, பிறகு பாய்ந்து போய் மதிலில் மோதும். "மாமா, விக்கி விக்கி ஓடுது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

டவுன் கடைக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள். கொமினிகேசன் கடையில் பலகைத் தடுப்புக்குள் நின்று வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருந்த காலத்தை நினைத்தால் ஊர் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு கவுண்டரில் நின்ற பொடியன் வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"நெட் ஸ்லோவா இருக்கும் அண்ணன், ராவுட்டரை மாத்துங்க" என்றான். மருமகன் விளையாடுவது தனியாள் கதைப் பகுதி, நெட் வயரைக் கழற்றினாலும் அப்படியேதான் விக்குகிறது என்றேன். அப்படியென்றால் கார்ட் பழசு, புதிசு போடவேண்டும் என்றான். லட்சத்துக்குக் கிட்ட ஒரு விலையும் சொன்னான். ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, கேமைத் திறந்து நொடிக்குச் சராசரி எழுபது பிரேம், அதாவது எழுபது படம், வருகிறது, இதில் என்ன பிழை என்றான்.

பிழை அங்கேதான் இருந்தது. நொடிக்கு அறுபது பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கனில் வரவேண்டும். நடுவில் சில பிரேம் நூறு மில்லிசெக்கன் எடுத்தால் கண்ணுக்கு அது தடக்கென்று தெரியும், சராசரியோ நல்லாகவே நிற்கும். இதைச் சொன்னபோது அந்தப் பொடியன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம் என்றார்கள். மறுநாள் போனால் டிஸ்க்கை அழித்து, அதாவது போர்மட் அடித்து, விண்டோஸ் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சொல் கேட்கவில்லை. மருமகளின் உயர்தர உயிரியல் குறிப்புகள் முழுவதும் டெஸ்க்டொப்பில் கிடந்தவை. பிள்ளை இரவிரவாகத் தட்டச்சு செய்தது. எல்லாம் போய்விட்டது. அதற்கு பில் வேறு. ரொறன்ரோவில் பரிசோதனைக்கென்று தனியாகக் காசு வாங்குவார்கள், அது எனக்கும் பிடிக்காது. ஆனால் டிஸ்க்கைத் தொடமுன் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தின் பெறுமதி, மருமகள் அழுத அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக விளங்கியது.

வீட்டுக்கு வந்து போட்டால் பழையபடியே விக்கல்.

அப்புறம் அயல்வீட்டு அண்ணர்தான் காத்தான்குடியில் ஒரு தம்பி இருக்கிறான் என்றார். ஈச்ச மரங்கள் நிற்கும் அந்த ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஓர் அறைதான் கடை. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருந்தது, படியில் குந்தியிருந்தோம். வந்ததும் அவர் மெஷினைத் தொடவில்லை. மருமகனைப் பார்த்து, "எத்தன நிமிசம் விளாடினதுக்குப் புறகு விக்குது?" என்று கேட்டார். முதல் பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை, அதற்குப் பிறகுதான் என்றான் அவன். "அப்ப சூடு மனே" என்றார். அந்த ஒரு கேள்வியை டவுனில் யாரும் கேட்கவில்லை.

ஆஃப்டர்பர்னர் என்ற அளந்து காட்டும் மென்பொருளைப் போட்டு, திரையின் மூலையில் வெப்பமும் வேகமும் தெரிய வைத்துவிட்டு கேமை ஓடவிட்டார். கார்டில் ஒரு குறையும் இல்லை. புரொசசர் ஏறி ஏறி 100 பாகையில் போய் நின்றது. அதுதான் அதன் எல்லை, அங்கே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். 4 கிகாஹேர்ட்ஸில் ஓடியது 1.5க்குக் கீழே விழுந்தது. விழுந்த அந்தக் கணத்திலேயே படம் விக்கியது. அவர் விரலால் தொட்டுக் காட்டினார், நான் என் கண்ணால் பார்த்தேன்.

பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே கச்சான் காற்று கொண்டுவந்து போட்ட மண். வைகாசி பிறந்தால் கல்லடியில் அந்தக் காற்று வீட்டுக்குள் எப்படி நுழையும் என்று உங்களுக்குத் தெரியும். புரொசசரைக் குளிர்விக்கும் கூலரின் இதழ்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளம் விரித்த மாதிரிப் படிந்திருந்தது. கூலரைப் பிடிக்கும் நாலு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று மேலே கிளம்பி நின்றது. கழற்றிப் பார்த்தால், புரொசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. பிரஷ்ஷால் தட்டி, புளோவரால் ஊதி, ஸ்பிரிட்டில் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு சொட்டு வைத்து, நாலு ஊசியையும் டிக் என்று சத்தம் வர மூலைக்கு மூலை அழுத்தினார். ஃபானை ஊதும்போது அது சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். அந்தக் கவனத்தைப் பார்க்கவே ஆசையாக இருந்தது.

மறுகா அதே கேம், அதே வளைவு. வெப்பம் 70ஐ ஒட்டியே நின்றது, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடியும் ஒரு விக்கல் இல்லை. கூலி 1500 ரூபா. கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். மேசை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், தங்கச்சி தைத்துப் போட்ட துணி உறையை ஓடும்போது கழற்றிவிடுங்கள், அறுபது பிரேமுக்கு மேல் போகாமல் கட்டிவைத்தால் சூடும் குறையும், கரண்ட் பில்லும் குறையும் என்றார். அழிந்த குறிப்புகளையும் மீட்க முயன்றார். விண்டோஸ் அதே இடத்தில் மேலெழுதப்பட்டதால் சிலவற்றைத்தான் எடுக்க முடிந்தது.

டவுன் கடைக்குத் திரும்பப் போய், என் போனில் பிடித்து வைத்திருந்த அந்த எண்களைக் காட்டினேன். புதுக் கார்ட் போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும் என்றார் முகாமையாளர். ஆகியிருக்காது. புரொசசர் தவழும்போது எவ்வளவு பெரிய கார்ட் போட்டாலும் அது சும்மா காத்துக்கொண்டுதான் நிற்கும், பெட்டிக்குள் சூடும் இன்னும் கூடும். இதை அவருக்கு நின்று விளங்கப்படுத்தினேன். போர்மட் காசைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. இனி திருத்த வரும் மெஷினைப் பொறுப்பெடுக்கும்போது டிஸ்க்கைத் தொடமுன் கேட்பதாக பில் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கிறோம் என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை போகும்போது அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பேன்.