டிக்கெட்டுக்கு 'ரீஃபண்ட் பாதுகாப்பு' எடுத்து 40,996 ரூபாயை விட்டேன், நீங்களும் விடாதீங்க

இன்று காலை பதினொரு மணிக்குத்தான் அந்தக் கடைசி மெயில் வந்தது. கடையில் ஆள் நிற்கிறார்கள், ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கோபம் ஆறின பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போனது 40,996 ரூபாய். நாலு பேருக்குச் சென்னையிலிருந்து புனே போய்வர விமான டிக்கெட் 38,600, அதற்கு மேலே 'ரீஃபண்ட் பாதுகாப்பு' என்று ஆளுக்கு 599 வீதம் 2,396. எந்த ஆப் என்று பெயர் போட மாட்டேன். கேஸ் போடப் போகிறேன், அதற்கு முன்னால் வேறு வம்பு வேண்டாம். விமானம், பஸ், ஹோட்டல் எல்லாம் ஒரே இடத்தில் புக் பண்ணுகிற பெரிய ஆப்களில் ஒன்று, அவ்வளவுதான்.

இதில் எனக்கு அதிக வெட்கம் எதுவென்றால், மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருப்பவன் நான். பட்டா, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று ஊருக்கே ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறவன். "சின்ன எழுத்தைப் படிச்சுட்டு ஓகே கொடுங்கம்மா" என்று தினம் பத்துப் பேரிடம் சொல்கிறவன். அந்த வாயால்தான் இப்போது புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா புனேயில் வீடு கட்டி முடித்து கிரகப்பிரவேசம் வைத்திருந்தாள். பிறந்த வீட்டுச் சீர் போகாமல் முடியுமா? அப்பா, அம்மா, நான், என் மனைவி நாலு பேரும் கிளம்புவதாக முடிவானது. அப்பா இதுவரை விமானம் ஏறினதில்லை. "ஜன்னல் ஓரம் கிடைக்குமாடா?" என்று ரெண்டு தடவை கேட்டார், அதற்கும் தனியாகக் காசு கேட்கிறான் என்று அவரிடம் சொல்லவில்லை. அம்மா பண்ருட்டியிலிருந்து முந்திரி ரெண்டு கிலோ வாங்கிவரச் சொல்லி, குத்துவிளக்கை எதில் சுற்றி வைப்பது என்று பத்து நாளைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

பணம் கட்டுகிற பக்கத்துக்கு முன்னால் ஒரு பச்சைக் கேடயம் வருகிறது. 'கவலை வேண்டாம், 100 சதவீதம் பணம் திரும்ப' என்று கொட்டை எழுத்தில். வேண்டாம் என்றால் 'பரவாயில்லை, என் பணத்தை இழக்கத் தயார்' என்று எழுதியிருக்கிற பொத்தானைத் தொட வேண்டும். யார் தொடுவார்கள், சொல்லுங்கள்? இப்படிக் கூச்சப்பட வைத்து விற்பதை மத்திய அரசு 2023-லேயே தடை செய்த பதின்மூன்று தந்திரங்களில் சேர்த்திருக்கிறது என்பதெல்லாம் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அந்தக் கேடயம்தான் தெரிந்தது.

ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் 'படிக்காமல் எடுத்தாயா' என்று கமெண்ட் போட வருவீர்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார், நல்ல தமிழ். எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றேன். "கடலூரா சார்! எங்க சித்தி நெய்வேலிதான், லீவுக்கு வந்தா சில்வர் பீச்சுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். நம்ம ஊர்ப் பிள்ளை பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் பணம் வருமா என்று நேராகவே கேட்டேன். "சுகர், பிபி இல்லாதவங்க யாரு சார் இப்ப? அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல. டாக்டர் லெட்டர் ஒண்ணு அப்லோட் பண்ணீங்கன்னா ஃபுல் அமவுண்ட் வந்துடும்" என்றார். ஃபுல் அமவுண்ட். இந்த வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார். போனை வைத்த கையோடு 40,996 கட்டினேன்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அப்பா தேவனாம்பட்டினம் கடற்கரையில் வழக்கம்போல் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார், கிளிஞ்சல் ஒன்று உள்ளங்காலைக் கீறிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டார். பயணம் நின்றுவிடுமோ என்கிற பயம் அவருக்கு. நாலாம் நாள் காய்ச்சல். வேட்டியை விலக்கிப் பார்த்தால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்திருக்கிறது. இங்கே டாக்டர் கட்டை விரலால் கெண்டைக்காலை அழுத்திவிட்டு எடுத்தார், குழி அப்படியே நின்றது. "லேட் பண்ணாதீங்க, பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்க" என்றார். செவ்வாய்க்கிழமை இரவு அங்கே சேர்த்தோம். வியாழக்கிழமை காலை 6.10-க்கு விமானம்.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அந்த ஆப்புக்குப் போன் போட்டேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். டிக்கெட்டைக் கேன்சல் செய்யட்டுமா என்று கேட்டேன். எடுத்தவர், இது வேறு ஆள், "கேன்சல் பட்டனைத் தொடவே தொடாதீங்க சார், நீங்களா கேன்சல் பண்ணா பாதுகாப்பு செல்லாது, முதல்ல கிளெய்ம் போடுங்க" என்றார். தொடவில்லை. அன்றைக்குக் கேன்சல் செய்திருந்தால் விமான கம்பெனி பிடித்தது போக ஏதோ கொஞ்சமாவது கைக்கு வந்திருக்கும். வியாழன் காலை 6.10-க்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்க்கில் கஞ்சி வாங்கிக்கொண்டு நின்றேன், நாலு சீட்டும் காலியாகப் புனே போனது. நாங்கள் வராமல் போனவர்கள் ஆகிவிட்டோம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். டாக்டர் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில், நாலு பேர் ஆதார், ரத்து செய்த காசோலை, எல்லாம் சேர்ந்து ரெண்டு எம்பிக்குள் பிடிஎஃப். அந்த வேலை எனக்குப் பழக்கம், அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டேன். மூணு நாள் கழித்துத் திருப்பினார்கள், டாக்டரின் பதிவு எண் தெளிவாக இல்லையாம். பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய் வேறு கடிதம் வாங்கிவந்தேன். மறுபடியும் திருப்பினார்கள், 'பயணம் செய்யக் கூடாது' என்று எந்தத் தேதியில் சொன்னார் என்று அதில் இல்லையாம். ஐசியு வாசலில் நிற்கிறவன் டாக்டரிடம் 'சார், தேதியோட சொல்லுங்க' என்றா கேட்பான்? மறுபடி பஸ், மறுபடி ஓபி வரிசை. அந்த டாக்டர் பாவம், மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று எழுதிக்கொடுத்தார்.

போன் போட்டால் ஏழு முதல் பத்து வேலை நாள் என்பார்கள். பத்தாம் நாள் போட்டால் அன்றையிலிருந்து இன்னும் ஏழு முதல் பத்து. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம் சார்." "அது எங்க பார்ட்னர் கம்பெனி சார், நாங்க பார்க்க முடியாது." பார்ட்னர் கம்பெனிக்குப் போன் நம்பர் கிடையாது, ஒரு பெட்டிதான், அதில் எழுதினால் மெஷின் பதில் சொல்கிறது: 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' ஒவ்வொரு தடவை போனை வைத்ததும் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு மெசேஜ் வேறு.

இன்று காலை வந்த மெயிலில் ரெண்டு காரணம். ஒன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியே 'பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்' என்று இருக்கிறதாம், ஆகவே ஏற்கெனவே இருந்த நோய், பணம் கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் எதற்குச் சேர்த்தாலும் அந்த வரியைத்தான் முதலில் எழுதுவார்கள்! காலில் குத்தினது கிளிஞ்சல், சர்க்கரை இல்லை. ரெண்டாவது காரணத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சரியில்லாதவர் ஒருவர்தான், மற்ற மூன்று பேர் பயணம் செய்வதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லையாம். அதாவது அப்பாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுவிட்டு அம்மாவும் நாங்களும் முந்திரியைத் தூக்கிக்கொண்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்க வேண்டும்.

விற்கும்போது உங்கள் ஆள் 'சுகர் பிரச்சனையே இல்லை' என்று சொன்னாரே, அந்த அழைப்பைப் போட்டுக் கேளுங்கள் என்றேன். போன் எடுத்தவுடனே 'இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்று சொல்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன் என்றேன். "அது எங்க உள் உபயோகத்துக்கு மட்டும் சார்." அவன் பதிவு செய்தது அவனுக்கு மட்டும். நான் பதிவு செய்யவில்லை, அதுதான் என் முட்டாள்தனம்.

சரி, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பில் புகார் போடலாம் என்று பக்கத்துத் தெருவில் பாலிசி பிடிக்கிற மாமா ஒருவரிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். "பாலிசி நம்பர் எங்கப்பா?" என்றார். தேடினேன், இல்லை. "இன்சூரன்ஸ் கம்பெனி பேரு?" அதுவும் இல்லை. விதிமுறையின் பதினாலாம் பக்கத்தில் 'இது காப்பீடு அல்ல, பணம் தருவது எங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. "இது இன்சூரன்ஸே இல்லப்பா. இன்சூரன்ஸா இருந்தா புகார் கொடுக்க ஒரு இடம் இருக்கும். இது அவங்களா போட்ட சீட்டு" என்றார். பாதுகாப்பு என்று பேர் வைத்து, கேடயம் வரைந்து, 599 வாங்கிக்கொண்டு, விருப்பம் இருந்தால் தருவார்களாம். ரயில் டிக்கெட்டில் 45 பைசாவுக்கு வருகிற இன்சூரன்ஸாவது விபத்துக்கு மட்டும்தான் என்று நேர்மையாகச் சொல்கிறது. அதையும் கேன்சலுக்குப் பணம் வரும் என்று நினைத்து என் கடையில் கேட்கிறவர்கள் உண்டு, வராது.

இன்னொரு கொடுமை. ரீஃபண்டே கிடையாது என்கிற டிக்கெட்டானாலும், நாம் விமானம் ஏறவே இல்லை என்றாலும், டிக்கெட்டில் இருக்கிற அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஏஜெண்ட் மூலம் எடுத்திருந்தாலும் பொறுப்பு விமான கம்பெனியுடையது. அதைக் கேட்டால் ஆப்காரன் விமான கம்பெனியைக் கேள் என்கிறான், விமான கம்பெனி ஆப்பில் கேள் என்கிறது. இதுவரை 40,996-இல் ஒரு ரூபாய் வரவில்லை.

1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டேன். பதில் சரியாக வராவிட்டால் இங்கே கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுப்பேன், அந்த ஆப்பின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரில் போடலாம் என்று 2019 சட்டத்தில் இருக்கிறது, கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிசி நம்பரும் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் இல்லாத எந்தப் பாதுகாப்பையும் எடுக்காதீர்கள். சர்க்கரை, பிபி உள்ளவர் வீட்டில் இருந்தால் அந்தப் பச்சைக் கேடயம் உங்களுக்கு இல்லை. போனில் வாக்குக் கொடுத்தால் பதிவு செய்யுங்கள், அல்லது அதையே மெயிலில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். 'கேன்சல் பண்ணாதீங்க' என்று சொன்னால் கேன்சல் செய்தால் எவ்வளவு வரும் என்று அப்போதே பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மீதி நேரம் கிடைத்தால்.

கிரகப்பிரவேசம் நாங்கள் இல்லாமலே முடிந்தது. முந்திரியும் விளக்கும் பார்சலில் போனது, அதற்கு 640 ரூபாய் தனி. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், கால் தப்பித்தது. அவரிடம் பணம் வந்துவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் எங்கள் தெரு ஆட்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வீட்டில் போய்க் கேட்டுவிடாதீர்கள்.