இஇஜி மான்டாஜ்: சங்கிலியா, காதா, சராசரியா?

ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வைத்து, அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கக் கூட்டி வந்த பையன். படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறான். இடது நெற்றிப்பொட்டில் ஸ்பைக் (வலிப்பைச் சுட்டும் கூர்மையான அலை) வருகிறது. தலையில் முன்னிருந்து பின்னாக ஒட்டிய லீடுகளில், எஃப்7-ல் மைனஸ் 20, டி3-ல் மைனஸ் 100, டி5-ல் மைனஸ் 40 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

எந்த லீடிலிருந்து எதைக் கழித்துக் கோடு வரைகிறோம் என்பதுதான் மான்டாஜ். பைபோலார் சங்கிலியில் (ரீடிங் அறையில் இதை ‘டபுள் பனானா’ என்பார்கள்) முதல் லீடிலிருந்து அடுத்ததைக் கழிக்கிறோம். நெகட்டிவ் என்றால் கோடு மேலே போகும். எஃப்7–டி3 பிளஸ் 80, கீழே இறங்கும். டி3–டி5 மைனஸ் 60, மேலே ஏறும். இரண்டும் டி3-ல் முட்டிக்கொள்ளும். இடம் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் தலை முழுக்கப் பரவிய மெதுவலை, கழித்தலில் பாதி காணாமல் போகும். உச்சம் முன்நெற்றி எஃப்பி1-லோ பின்மண்டை ஓ1-லோ இருந்தால் சங்கிலி அங்கேயே முடிந்துவிடுவதால் முட்டலும் வராது. லீடுகளின் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஜாஸ்பர் 1958-ல் வெளியிட்ட 10-20 முறைப்படி லீடு ஒட்டும் இடங்களை டேப் வைத்து அளக்காமல் கண்மதிப்பில் ஒட்டினால், இடமும் வலமும் அலையின் உயரம் மாறும். மூளையில் கோளாறு என்று ரிப்போர்ட் போய்விடும்.

காது ரெஃபரன்ஸ் (ஒவ்வொரு லீடிலிருந்தும் காது லீடைக் கழிப்பது) இந்தப் பையனுக்கு ஆகவே ஆகாது. இடது காது லீடான ஏ1 பொட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலும் மைனஸ் 60 ஏறியிருந்தால் டி3 வெறும் மைனஸ் 40 ஆகச் சுருங்கும். ஒன்றுமே இல்லாத எஃப்3 பிளஸ் 60 காட்டித் தலைகீழாக இறங்கும். சரி, ரெஃபரன்ஸை உச்சந்தலை லீடான சிஇசட்டுக்கு மாற்றலாமா? தூங்குகிறவனுக்கு இயல்பாக வரும் வெர்டெக்ஸ் அலையின் உச்சமே அங்கேதான். அது எல்லா சேனலிலும் கசியும்.

மிச்சம் சராசரி ரெஃபரன்ஸ், அதாவது எல்லா லீடுகளின் சராசரியைக் கழிப்பது. சங்கிலியில் கண்ட இடத்தை உறுதிப்படுத்த எங்கள் தேர்வு இதுதான். ஆனால் 19 லீடில் ஒன்று 190 மைக்ரோவோல்ட் குதித்தால், மற்ற எல்லாவற்றிலும் 10 மைக்ரோவோல்ட் எதிர்த்திசையில் பொய்யாகத் தெரியும். கண் சிமிட்டல் அதிகமா? சராசரியிலிருந்து எஃப்பி1, எஃப்பி2 இரண்டையும் எடுத்துவிடுங்கள். லாப்லேசியன் (சுற்றியுள்ள லீடுகளின் சராசரியை மட்டும் கழிப்பது) குறுகிய இடத்து ஸ்பைக்குக்கு நல்லது. பொட்டு ஓரத்தில் சுற்றிலும் லீடு இல்லாததால் அங்கே நம்பக் கூடாது.

டிஜிட்டல் மெஷினில் மான்டாஜைப் பிறகு எத்தனை தடவையும் மாற்றலாம். பதிவு செய்யும்போது மெஷின் ரெஃபரன்ஸாக வைத்திருந்த லீடே கழன்றுவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஊரில் இரண்டு தொல்லை: தேங்காய் எண்ணெய், வேர்வை. முந்தின நாளே ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தொடாமல் வரச் சொல்லுங்கள். இம்பீடன்ஸ் (லீடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோஓமுக்குள் வரட்டும். சித்திரை வெயிலில் வேர்வையும் பேஸ்ட்டும் கலந்து எஃப்7-ஐயும் டி3-யையும் இணைத்துவிடும். சங்கிலியில் அந்த சேனல் படுத்துக்கிடக்கும். சராசரியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே கோடாக ஓடும். துடைத்து மறுபடி ஒட்டுவதுதான் வழி.