காஃப் மெஷின் பயிற்சி என்று சொல்லி 18,500 ராண்டை வாங்கிக்கொண்டார்கள், டர்பன் ஆட்கள் கவனம்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. இதே ஆட்கள் அடுத்த மாதம் பீட்டர்மரிட்ஸ்பர்கிலும் இதே பயிற்சியை நடத்தப் போவதாக இன்று காலை விளம்பரம் வந்தது. அதனால் கோபம் ஆறும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன்.

நான் பிசியோ. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். என்னோடு இன்னொரு பிசியோவும் இரண்டு நர்ஸ்களும் வேலை செய்கிறார்கள். நாங்கள் பார்க்கும் ஒரு பையனுக்கு டூஷேன் தசைச் சிதைவு நோய். வயது 16. இருமத் தெம்பில்லை. சளி பிடித்தால் நெஞ்சிலேயே தங்கிவிடும். போன குளிர்காலத்தில் இரண்டு தடவை நிமோனியாவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். அவன் அம்மா சொந்தக்காரர்களிடமும் கோயில் ஆட்களிடமும் பணம் சேர்த்து ஒரு காஃப் மெஷின் வாங்கிவிட்டார். மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, உடனே சடாரென்று வெளியே இழுக்கும் கருவி அது. அவனால் முடியாத இருமலை அது செய்துகொடுக்கும். ஆனால் ஓட்டுகிற கைக்குப் பழக்கம் வேண்டும். எங்கள் நாலு பேரில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. பையன் மேல் முதல் பரீட்சை செய்ய மனசு வரவில்லை. அதனால்தான் பயிற்சி தேடினோம்.

தைப்பூசக் காவடி அன்று அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்தான் ஆரம்பம். மருத்துவக் கருவி விற்கும் ஒரு கம்பெனியில் வேலை என்றார். என்ன வேலை என்று என்னைக் கேட்டவர், நான் சொன்னதும் தமிழிலேயே, "தங்கச்சி, எங்க ஆயா இந்த நெஞ்சு நோயிலதான் போனாங்க. நான் இதை வியாபாரமா பார்க்கல" என்றார். இந்த ஊரில் எங்கள் வயதுக்காரர்களில் அப்படித் தடங்கலில்லாமல் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? அந்த ஒரு வார்த்தையில் நான் முழுசாக நம்பிவிட்டேன். அவர் பேரையோ கம்பெனியையோ வேறு யாரிடமும் விசாரிக்கத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் பயிற்சி, ஆளுக்கொரு மெஷின், ஜோகன்னஸ்பர்கிலிருந்து சீனியர் பிசியோ, எங்களுக்கு 12 சிபிடி பாயிண்ட் (வேலையில் இருப்பவர்கள் தொடர்ந்து படித்ததற்குக் கிடைக்கும் புள்ளி), இதெல்லாம் அவர் கொடுத்த வாக்கு. ஆளுக்கு 4,625 ராண்ட், நாலு பேருக்கு 18,500. பயிற்சியாளருக்கு விமான டிக்கெட் போடணும், முழுப் பணமும் முதலிலேயே வேணும் என்றார். அன்று மாலையே அனுப்பிவிட்டேன். எங்கள் சின்ன வருமானத்தில் 18,500 ராண்ட் என்பது ஒரு நர்ஸின் சம்பளத்தில் பெரிய பங்கு. இன்வாய்ஸ் கேட்டேன். "வரும் தங்கச்சி, வரும்" என்றார்.

பைன்டவுன் பக்கம் ஒரு ஹால். வந்தது ஒரே ஒரு மெஷின். ஜோகன்னஸ்பர்க் ஆள் வரவே இல்லை. இவரே நின்று ஸ்லைடு காட்டினார். இரண்டு நாள் என்றது மூன்று மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் சின்னதாக ஒரு ஊதும் கருவியை எடுத்து, "இதுவும் அதே வேலைதான், விலை கம்மி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் நோயாளி தானாக ஊதவேண்டும், ஊதும்போது வருகிற அதிர்வு சளியை இளக்கும். ஊதத் தெம்பிருக்கிறவர்களுக்கு நல்ல கருவி. இருமவே முடியாத பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அப்புறம் எங்கள் நர்ஸ் ஒருவருக்கு மாஸ்க் போட்டு, எடுத்த எடுப்பிலேயே அழுத்தத்தை உள்ளே தள்ள ப்ளஸ் 40, வெளியே இழுக்க மைனஸ் 40 (சென்டிமீட்டர் நீர் அளவில்) என்று வைத்தார். பெரியவர்கள் பலருக்குக் கடைசியில் அந்த அளவு தேவைப்படும், சரி. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு 10, 15-இல் ஆரம்பித்து, முகத்தையும் நெஞ்சு எழும்புவதையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றவேண்டும். அந்தப் பெண் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்களுக்கு இதைப் போடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார்." சாப்பிட்ட உடனே செய்யலாமா? "ஒண்ணும் ஆகாது." இருமும்போது வெளிவரும் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சளிக் காய்ச்சல் வரும்போது ஆபத்து, 160-க்குக் கீழே போனால் இருமலே பலிக்காது என்று நாங்கள் படித்திருக்கிறோம். அதை அளக்க எந்த மீட்டர் என்று கேட்டதற்கு அவருக்குக் கேள்வியே புரியவில்லை. கரண்ட் போனால் மெஷின் பேட்டரியில் ஓடுமா என்ற கேள்விக்கும் சிரிப்புத்தான் பதில்.

சர்டிபிகேட் இரண்டு வாரம் கழித்து வந்தது. பிசியோக்கள் நாங்கள் வருடத்துக்கு 30 பாயிண்ட் காட்டவேண்டும், ஆகவே அதிலிருந்த எண்ணை அங்கீகாரம் தருகிற இடத்துக்கு அனுப்பிக் கேட்டேன். அப்படி ஒரு பயிற்சிக்கு அனுமதியே கொடுக்கவில்லை என்று பதில் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அக்கவுண்ட்ஸில் பேசுங்கள் என்றார்கள். அக்கவுண்ட்ஸில் எடுத்த பெண், மேனேஜர் லீவு என்றாள். மேனேஜர் வந்ததும், "நீங்கள் நாலு பேரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆகவே பயிற்சி முடிந்துவிட்டது" என்றார். பிறகு 18,500 ராண்டுக்கு மெஷின் வாங்கிக்கொள்ளக் கிரெடிட் நோட் தருகிறேன் என்றார்கள். எங்களுக்கு மெஷின் எதற்கு? அந்த அண்ணனுக்கு ஒன்பது மெசேஜ் போட்டேன், எல்லாமே நீல டிக். நேற்று ஒரே ஒரு பதில் வந்தது, ஆங்கிலத்தில், "டியர் கஸ்டமர்" என்று ஆரம்பித்து. தமிழ், தங்கச்சி, ஆயா எல்லாம் எங்கே போயிற்று?

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் சிபிடி எண்ணை நேராக அங்கீகாரம் தந்த இடத்தில் கேளுங்கள். சொல்லிக்கொடுக்கப் போகிறவர் பெயரும் பதிவு எண்ணும் எழுத்தில் வேண்டும். மெஷின் எத்தனை, ஆளுக்கு எவ்வளவு நேரம் கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். முழுப் பணமும் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 20,000 ராண்ட் வரை என்றால் ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) வக்கீல் இல்லாமலே போகலாம். முதலில் 14 நாள் கெடு வைத்துப் பணம் கேட்டுக் கடிதம் கொடுக்கவேண்டும். எங்கள் கடிதம் தயார், 18,500 ராண்ட் என்று எழுத்திலும் எண்ணிலும் போட்டிருக்கிறேன், புதன்கிழமை நேரில் கொண்டுபோகிறேன்.

பையனின் அம்மா இன்றும் போன் செய்தார். "அக்கா, பயிற்சி முடிஞ்சிடுச்சா? குளிர் வரதுக்குள்ள ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு சீனியர் பிசியோ, சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்கே வந்து, அவர்களுடைய மெஷினிலேயே எங்கள் நாலு பேருக்கும் காட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காசு வேண்டாம் என்றுவிட்டார்.