கோரல் சாகுது: டெஸ்ட் கிட்டா, ஐசிபி லேப் டெஸ்ட்டா?

பெங்களூர்ல ரீஃப் டேங்க் (உயிருள்ள பவளம், அதாவது கோரல் வளக்கற உப்புத்தண்ணித் தொட்டி) வச்சிருக்கற நம்மாளுங்ககிட்ட கோரல் வெளுக்குதுன்னு சொன்னா போதும், உடனே "ஐசிபிக்கு அனுப்பு"ங்கறாங்க (தொட்டித் தண்ணியை லேபுக்கு அனுப்பி, அதுல எந்தத் தனிமம் எவ்வளவு இருக்குன்னு பாக்கற டெஸ்ட்). நான் ரெண்டும் பண்ணிப் பாத்தவன், என் ஓட்டு முதல்ல வீட்லயே பாக்கற டெஸ்ட் கிட்டுக்குத்தான்.

ஏன்னா நிறைய டேங்க்ல கோரலைக் கொல்றது திடீர் ஏத்த எறக்கம். ஆல்கலினிட்டி (தண்ணி அமிலத்தைத் தாங்கற சக்தி, அதோட அளவு டிகேஹெச்) 8 டிகேஹெச்ல இருந்து ஒரே நாள்ல 10க்கு எகிறினா கல் கோரலுக்கு அடியில இருந்து சதை உரிஞ்சு வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பிக்கலாம், இதைப் பிடிக்கணும்னா தினமும் ஒரே நேரத்துல பத்து நிமிஷம் கிட்டோட உக்காரணும். ஐசிபி ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி, ரிப்போர்ட் வர்றதுக்குள்ள டேங்க் எங்கயோ போயிருக்கும். கூடவே உப்பு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு) இருக்கான்னு பாருங்க, ஆனா உப்பை அளக்கற ரிஃப்ராக்டோமீட்டரையே முதல்ல 35 பிபிடி கரைசல்ல சரி பண்ணிட்டு. (நான் பண்ணாம ஒரு மாசம் முட்டாளா இருந்தேன்.)

ஐசிபி ஜெயிக்கற இடம் உலோகம். காப்பர் கொஞ்சூண்டு இருந்தா கிட்ல பூஜ்யம்னுதான் காட்டும், லேப்ல மாட்டிக்கும். துருப்பிடிச்ச மேக்னெட், போர்வெல் தண்ணில தேஞ்சுபோன ஆர்ஓ மெம்பிரேன்னு சந்தேகம் இருந்தா அனுப்புங்க. அதுக்கும் முன்னாடி டிஐ ரெசின் (ஆர்ஓ தாண்டியும் மிச்சமிருக்கற உப்பை உறிஞ்சறது) தாண்டி வர்ற தண்ணில, கரைஞ்சிருக்கறதை அளக்கற டிடிஎஸ் மீட்டரை விடுங்க, 0 காட்டலன்னா ரெசினை மாத்திட்டு, டேங்க்ல கார்பன் (அழுக்கை உறிஞ்சற கரி) ஒரு பாக்கெட் போட்டு ஓட்டிப் பாருங்க.