கட்டடத்தை இடித்தாச்சு, வகுப்பு எங்கே?

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடிக்க வேண்டியவைதான். ஆனால் புதுக் கட்டடம் வரும்வரை பல ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபமும் மரத்தடியும்தான் வகுப்பறை.

இந்த இடைக்காலத்துக்கு அரசுப் பணத்தை எதில் போடலாம்?

சட்டென்று நினைவுக்கு வருவது வாடகை வீடு. டெண்டர் வேண்டாம், அடுத்த வாரமே பாடம் தொடங்கலாம். சரி, வாடகையை யார் கொடுப்பது? ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கட்டடம் ஒன்றியத்துடையது, ஆசிரியர் கல்வித் துறையைச் சேர்ந்தவர். நூறு பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் மானியம் ஆண்டுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். சுண்ணாம்பு, சாக்பீஸ், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதில்தான். மாதம் 4,000 வாடகை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 48,000 ஆகிறது. வீட்டில் இருப்பதோ ஒரே கழிப்பறை. கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கேட்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு. வாடகை சிறுகச் சிறுகப் போவதால் யாருக்கும் உறைக்காது. உறைக்காத செலவு வருடக்கணக்கில் ஓடும்.

அடுத்தது கொட்டகை. 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகிய பிறகு கீற்றுக் கூரையைப் பற்றிப் பேசவே கூடாது. தகர ஷீட் மலிவு. ஆனால் ஏப்ரல் மதியத்தில் உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மழை பெய்தால் ஆசிரியர் குரலே கேட்காது. பஃப் பேனல் (இரண்டு தகடுக்கு நடுவே நுரை வைத்த பலகை) அறைக்கு முதலில் கை நிறையச் செலவாகும், ஆனால் சூடு குறைவு, கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம். ஒரு பள்ளிக்கென்று வாங்கினால் வீண். மாவட்டம் சில அறைகளை வாங்கிச் சுற்றில் விட்டால் காசுக்குப் பழுதில்லை.

பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவது மூன்றாவது வழி. அறை, கழிப்பறை, சத்துணவுக் கூடம் எல்லாம் அங்கேயே இருக்கும், ஆட்டோ செலவு மட்டும்தான். ஆனால் ஆறு வயதுக் குழந்தையை மெயின் ரோட்டைத் தாண்டி அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். சிலர் டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

நான் தேர்ந்தெடுப்பதென்றால், நாலைந்து மாதத்தில் முடிகிற வேலைக்குப் பக்கத்துப் பள்ளியும் ஆட்டோவும், அதற்கு மேல் இழுக்கும் என்றால் பஃப் பேனல். இரண்டுக்கும் வழியே இல்லாத ஊரில் மட்டும் வாடகை, அதுவும் முடியும் தேதியை ஆணையில் எழுதிய பிறகு.

இங்கிலாந்திலும் இந்தக் குழப்பம் நடந்தது. 2023-ல் நொறுங்கும் கான்கிரீட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னபோது, தற்காலிக இடத்துக்கான வாடகையைப் பள்ளிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் முதல் அறிவிப்பு சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அரசு இறங்கி வந்தது. இங்கே இடிப்பதற்கான மதிப்பீட்டிலேயே இடைக்காலச் செலவையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், தலைமை ஆசிரியர் வீடு வீடாக ஏறி இடம் கேட்க வேண்டியிருக்காது.