என் பழைய பட்டையை எனக்கே புதுசென்று விற்றார்கள்

பழைய பிக்அப் வைத்திருக்கிறவர்கள், பின்பக்கம் பட்டை, அதாவது லோடைச் சுமக்கிற வளைந்த எஃகுத் தகடு அடுக்கு, மாற்றலாம் என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு பட்டறைக்குப் போங்கள். 26,500 ரூபாய் கொடுத்து, என் வண்டியிலிருந்து கழற்றிய பட்டையையே கறுப்புப் பெயின்ட் பூசி வாங்கி வந்தவன் எழுதுகிறேன். கடைப் பெயரும் ஊரும் எழுதவில்லை. விஷயம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, பெயரை மட்டும் எங்கேயும் போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

என்னுடையது 2012 பொலிரோ பிக்அப். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. இடையகோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. டிரைவரும் நான்தான், கிளீனரும் நான்தான். வாங்கும்போதே பின்பக்கம் இடது புறம் இரண்டு விரல்கடை இறங்கித்தான் நின்றது. லோடு ஏற்றினால் பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசும். எட்டு வருஷம் தாண்டிய வண்டி, வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். சரி, இந்தத் தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். லாரிக்காரர்கள் நாலு பேர் சொன்ன இடம்தான்.

ஓனர் வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்று ஒரு தடவை அமுக்கினார். “தம்பி, பட்டை செத்துப்போச்சு. ரெண்டு பக்கமும் புது செட் போட்டுரலாம். கூட பக்கத்துக்கு ரெண்டு பிளேட் சேர்த்து விடுறேன், இன்னும் அரை டன் ஏத்திக்கலாம், வண்டி அசையாது” என்றார். அந்த அரை டன்னில்தான் நான் விழுந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு நடைக்கு 35 பெட்டி கூடுதல் என்று மனக்கணக்கு ஓடிவிட்டது.

பட்டையைத் தடிமனாக்கினால் ஆர்சியில் எழுதியிருக்கிற எடை கூடிவிடாது. கூடுதல் லோடோடு பிடித்தால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. ஆக்ஸில், ஹப் பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழைய எடைக்குச் செய்ததுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

பேசி முடித்தது: இரண்டு பக்கமும் புதுப் பட்டைக் கட்டு, இரண்டு ஷாக்அப்சர், பட்டை முனையில் போடுகிற ரப்பர் புஷ், பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 26,500. “காலைல விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க” என்றார்கள். அன்றைக்கு அக்கா பேத்திக்குக் காதுகுத்து. விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் செய்த தவறுகளிலேயே பெரியது அந்த பஸ்தான்.

சாயங்காலம் வந்தால் வண்டி பின்னால் தூக்கி, கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. பட்டை பளபளவென்று கறுப்பு. ஷாக்அப்சர் புது நிறம், காலி டப்பா இரண்டையும் கையில் கொடுத்தார்கள். “பழைய பட்டை எங்கண்ணே?” என்று கேட்டேன். “இரும்புக் கடைக்காரன் மத்தியானமே எடுத்துட்டுப் போயிட்டான், அந்தக் காசைக் கூலில கழிச்சுட்டேன்” என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி சேரும் என்றார். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். 15,000 கூகுள் பேயில் போட்டேன், மீதி ரொக்கம். அந்த 15,000 போனதும் கடைக் கணக்குக்கு இல்லை, வேறு யாரோ ஒருவர் பெயருக்கு. ஸ்கிரீனில் பெயர் வந்தபோதே பார்த்தேன், கேட்கவில்லை.

முதல் நாளே காலி வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. புதுசு, பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பிரேக்கில் வித்தியாசம் தெரிந்தது. லோடோடு மிதித்தால் முன்பக்கம் குனிகிறது, பின் சக்கரம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. வேறொரு மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எடைக்குத் தக்கபடி பின் பிரேக்குக்கு பிரஷர் விடுகிற வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கிறது. ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி அதற்குப் போகும். லோடு ஏறி வண்டி அமுங்கினால், பின் பிரேக்குக்குக் கூடுதல் பிரஷர் விட வேண்டும் என்று அந்தக் கம்பிதான் வால்வுக்குச் சொல்லும். பட்டையை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியை யாரும் தொடவில்லை. முழு லோடு இருந்தும் வால்வைப் பொறுத்தவரை வண்டி காலி. இந்தச் சமாச்சாரம் எல்லா வண்டியிலும் இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் உயரம் மாறிய அன்றே அதையும் சரிசெய்ய வேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் விடிகாலை. தக்காளி 80 பெட்டி, பெட்டிக்கு 14 கிலோ, ஆர்சி எடைக்குள்தான். ஆசைப்பட்ட அந்த அரை டன்னை ஏற்றக்கூட வாய்ப்பு வரவில்லை. ஒரு வேகத்தடையில் மெதுவாகத்தான் இறக்கினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது, டயர் மட்கார்டில் தேய்ந்து ரப்பர் வாடை. கட்டின் மேலே இருக்கிற மெயின் பட்டை யூ போல்ட் ஓரத்தில் இரண்டு துண்டு. இரண்டாம் பட்டையின் முனை மெயின் பட்டையின் வளையத்தைச் சுற்றி வளைந்திருக்கும். அது பிடித்துக்கொண்டதால் ஆக்ஸில் கழன்று வரவில்லை. எதிரே பால் வண்டி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

பட்டறைக்கு போன் போட்டேன். “ஓவர்லோடு ஏத்திருப்பீங்க தம்பி. பட்டைக்கு கேரண்டி கிடையாது” என்றார். அதோடு என் நம்பர் பிளாக்.

உண்மை வெளிவந்தது எங்கள் ஊர் ஆசாரி உலைக்களத்தில். உடைந்த கட்டைக் கழற்றி டிவிஎஸ்ஸில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். நல்ல அரிவாள் என்றால் பழைய லாரிப் பட்டையில் அடித்ததுதான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நாற்பது வருஷமாகப் பட்டையை வெட்டி அரிவாள் அடிக்கிற மனுஷனைவிட அந்த எஃகைத் தெரிந்தவர் யார்? உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார். பாதிக்கு மேல் காப்பிக் கொட்டை நிறத்தில் மழமழவென்று கறுத்திருந்தது. மீதி மட்டும் உடைத்த வெல்லம் மாதிரி பளிச்சென்று பொடிப் பொடியாக மின்னியது.

“தம்பி, இந்தக் கறுப்பு இருக்கே, இது முன்னாடியே விட்ட விரிசல். துரு உள்ள போயிருக்கு பாருங்க. இந்த மினுக்குற பக்கம்தான் முந்தாநாள் உடைஞ்சது. புதுப் பட்டைல மூணு வாரத்துல இந்தத் துரு எப்படி வரும்?”

அப்புறம் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பெயின்டுக்கு அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். வளைவை ஏற்றுவதற்கு உலையில் வைக்காமல் பச்சையாகவே சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், அடித்த தடம் வரிசையாகத் தெரிந்தது. பட்டையின் எஃகு சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்தது. அதற்கு மறுபடி வளைவு கொடுக்க வேண்டுமென்றால் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் துவைச்சல் போட்டு, திரும்ப அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். பச்சையாக அடித்தால் அன்றைக்கு உயரும், கொஞ்ச நாளில் திரும்ப இறங்கும். லோடு இழுக்கிற பக்கத்தில் விழுந்த ஒவ்வொரு சுத்தியல் தடமும் விரிசல் பிறக்கிற இடம்.

கடைசிப் பட்டையின் அடியில் அரிவாள் முனையால் பெயின்டைச் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே ஒரு பச்சைச் சொட்டு. போன எஃப்சிக்கு முன்னால் பின்கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது நான்தான், ஒழுகி அங்கே விழுந்ததை அப்போதே பார்த்துத் துடைக்காமல் விட்டேன். பெருவிரல் நகம் அளவு, ஒரு பக்கம் வால் நீண்ட சொட்டு. இரண்டு நிமிஷம் என்னால் பேச முடியவில்லை. என் வண்டியின் பட்டைதான். கழற்றி, அடித்து, பூசி, நடுவில் இரண்டு தடிப் பிளேட்டைச் செருகி, திரும்ப மாட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தத் தடிப் பிளேட்டையும் அளந்தோம். என் பட்டைக் கட்டில் மற்றத் தகடெல்லாம் 8 மில்லி, செருகியது 10 மில்லி. இரண்டு மில்லிதானே என்று தோன்றும். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்று மடிப்பெருக்கில் போகும். எட்டு எட்டு எட்டைப் பெருக்கினால் 512, பத்து பத்து பத்தைப் பெருக்கினால் 1000. அதாவது 10 மில்லிப் பட்டை ஒன்று, அதே நீள அகலத்தில் 8 மில்லிப் பட்டை இரண்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். விரிசல் விட்ட பழைய மெயின் பட்டையோடு அந்த விறைப்பைச் சேர்த்துக் கட்டினார்கள். வண்டி ஏன் கட்டை வண்டியாகக் குதித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஷாக்அப்சர் கதை இன்னொன்று. கழற்றி நிமிர்த்திப் பிடித்து இழுத்து அமுக்கினால் முழு நீளத்துக்கும் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். என்னுடையதில் பாதி வரை காற்றை இழுக்கிற மாதிரி லொடலொட. அடிப்பக்கப் பெயின்டைச் சாவியால் சுரண்டினால் வெல்டு புடைப்பு. பழையதை ஓட்டை போட்டு, எண்ணெய் ஊற்றி, அடைத்து, கம்பெனி டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நிறையப் பேர் ஷாக்அப்சர் மாற்றினால் வண்டி தூக்கும் என்று நினைக்கிறார்கள். எடையைச் சுமப்பது பட்டை, ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்அப்சர். வண்டி ஒரு பக்கம் இறங்கி நின்றால் பட்டையையும் புஷ்ஷையும் பாருங்கள். பள்ளம் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடினால்தான் ஷாக்அப்சரைச் சந்தேகப்பட வேண்டும். என் வண்டிக்கு ஆரம்பத்தில் ஷாக்அப்சர் மாற்றவே தேவைப்படவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது முறை திண்டுக்கல்லில் செய்தேன், முழு நாளும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. போவதற்கு முன்பே சமதரையில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிவைத்தேன். பழைய பட்டை ஒவ்வொன்றிலும் ஆக்ஸா பிளேடால் அடையாளத்துக்கு ஒரு கீறல் போட்டேன், ஷாக்அப்சரிலும் போட்டேன். சேஸிஸ் நம்பரைக் காட்டி என் வண்டிக்கு எத்தனை பட்டை, என்ன தடிமன் என்று கேட்டு, அதே அளவில், ஒரு பிளேட்கூடச் சேர்க்காமல், பில்லோடு வாங்கினேன். யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்த விடவில்லை. இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. அது தளர்ந்தால் நடுவில் இருக்கிற சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகரும். புஷ் போல்ட்டை வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகே கடைசி முறுக்கு முறுக்கினார்கள், அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் திருகிக் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச்சொல்லி யூ போல்ட்டை மறுபடி முறுக்கிவிட்டார் அந்தப் பட்டறைப் பையன், காசு வாங்கவில்லை. பட்டறைக்கு இரண்டாம் தடவை வரச் சொல்கிறவனை நம்பலாம் என்பது என் புது ஜோசியம்.

சிலருக்கு நாலைந்து பட்டைக்குப் பதில், நடுவில் தடித்து முனையில் மெலிந்த ஒன்றிரண்டு பட்டை மட்டும் இருக்கும். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கும். அந்த மாதிரிக் கட்டில் சாதாரணப் பிளேட்டைச் செருகலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

புகார் விஷயம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து பதிவு செய்தேன். பட்டறை பதில் தரவில்லை. அப்புறம் மாவட்ட ஆணையம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பு நோட்டீஸுக்கு அனுப்பிய பதில்தான் வேடிக்கை. இது வாடகை வண்டி, வணிகத்துக்குப் பயன்படுவது, ஆகவே நான் நுகர்வோரே இல்லையாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவன் வாங்கியதை வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2019 நுகர்வோர் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. இந்த வாதத்தைக் கேட்டுப் பயந்து பின்வாங்கிய ஆட்களை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். என் பலவீனம் சட்டத்தில் இல்லை, அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது. புதுப் பட்டை என்ற வார்த்தையே அதில் இல்லை. கூகுள் பே பதிவும், காலையில் வண்டியை விட்டபோது மகள் எதேச்சையாக எடுத்த ஒரு போட்டோவும், பச்சைச் சொட்டும்தான் கையில் இருப்பவை.

ஆசாரி அந்தப் பட்டையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடையாத பாதியில் ஒரு பாளை அரிவாள் நன்றாக வருமாம். வாய்தா முடியட்டும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அது சாக்கில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.