வெள்ளம் ஓடும் ஆற்றில் கேனோ பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மழைக்காலத்தில் நண்பர்களோடு ஒருநாள் கேனோ பயணம் போகலாம் என்று முன்பதிவு செய்திருப்பவர்களும் செய்யப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களை அனுப்பிய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே காரியத்தை இன்னொரு ஆற்றில் இன்னொருவரும் செய்யலாம். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மனம் வராமல், கரை தொட்டு ஓடுகிற வெள்ளத்தில் ஆறு பேரை இறக்கிவிட்டார்கள். என் புகார் இதுதான்.

முன்பதிவுப் பக்கத்தில் "துடுப்பே பிடிக்காதவர்களும் வரலாம்" என்று போட்டிருந்தார்கள். படங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. எங்களில் ஓரளவு துடுப்புப் போடத் தெரிந்தவர்கள் இருவர்தான். பயணத்துக்கு முன் மேற்பகுதியில் நல்ல மழை என்று செய்தி வந்ததும் போன் செய்து கேட்டோம். "மழை மேலதான் சார் பெய்யுது, இங்க வெயில் அடிக்குது. இப்பதான் ஜாலியா இருக்கும், வாங்க" என்றார் எடுத்தவர்.

அந்தப் பதிலை நன்றாகக் கவனியுங்கள். ஆற்றை நம்பித் தொழில் நடத்துகிற யாருக்கும் இது தெரியாமல் இருக்காது: மேலே பெய்கிற மழை கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். ஆற்றின் நீளத்தைப் பொறுத்து அது சில மணி நேரமாகவும் இருக்கலாம், ஒன்றிரண்டு நாளாகவும் இருக்கலாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிக்கொண்டிருக்கும். 'இங்கே வெயில்' என்று சொல்லி ஒருவர் உங்களைச் சமாதானப்படுத்தினால், நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை என்று அர்த்தம்.

போய் இறங்கியதும் ஆற்றைப் பார்த்தோம். செம்மண் நிறத்தில், சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. படகில் ஏறுவதற்கான படிக்கட்டில் மேல் படி ஒன்றுதான் வெளியே தெரிந்தது. கரையோர மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. கிளைகள், முழு மரத்துண்டுகள், ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் என்று கண்ணெதிரே மிதந்து போனது. இன்றைக்கு வேண்டாம், வேறு நாள் கொடுங்கள் என்று கேட்டோம். நாள் மாற்ற முடியாது, பணமும் திரும்பாது என்றார்கள். அப்புறம் குரலைத் தணித்து மூன்று வாக்குறுதி கொடுத்தார்கள். காலையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நமக்கு முன்பே ஒரு குழு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. முன்னால் ஒரு வழிகாட்டியும் பின்னால் ஒருவரும் கூடவே வருவார்கள். சொல்லிக்கொண்டே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை.

லைஃப் ஜாக்கெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் கைக்கு வந்ததில் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கி, அப்பளமாகக் கிடந்தது. இன்னொன்றில் நடு பக்கிளின் ஒரு பல் உடைந்திருந்தது. மாட்டினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும், இழுத்தால் கழன்றுவிடும். அதைத்தான் என் நண்பன் போட்டிருந்தான். வேறு கேட்டபோது "அது சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான் சார், எல்லாம் பிடிக்கும்" என்றார்கள். ஜாக்கெட்டின் உட்புறம் ஒரு லேபிள் இருக்க வேண்டும். எத்தனை கிலோ எடையுள்ள ஆளுக்கானது, எத்தனை நியூட்டன் மிதப்புத் திறன் என்று அதில் அச்சடித்திருக்கும். 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவர்களுக்கு, கூப்பிடு தூரத்தில் உதவி இருக்கும் இடத்துக்கு. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பி வைத்துக்கொள்ளும் வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல. எங்களுக்குக் கொடுத்தவற்றில் பாதிக்கு லேபிளே இல்லை, மற்றவற்றில் எழுத்து அழிந்திருந்தது.

உங்களுக்கு எந்த ஜாக்கெட் கொடுத்தாலும் சரி, எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அது காதுவரை ஏறி வந்தால் தண்ணீரில் முகத்தை மூடிவிடும். ஏறாத ஜாக்கெட் கிடைக்கும்வரை படகில் கால் வைக்காதீர்கள்.

மூன்று கேனோக்கள், ஒவ்வொன்றிலும் இருவர். வழிகாட்டி என்று சொன்ன பையன் தனிப் படகில் முன்னால் போனான். முதல் வளைவு தாண்டியதும் அவன் கண்ணிலேயே படவில்லை. பின்னால் வருவதாகச் சொன்ன ஆள் கரையிலிருந்து கிளம்பவே இல்லை. துடுப்புப் போடாமலேயே படகு ஓடியது, திருப்புவதற்கு மட்டும்தான் துடுப்பு. சாதாரண நாளில் கரையோரம் தண்ணீர் தேங்கிச் சுற்றுகிற அமைதியான இடங்கள் இருக்கும், அங்கே ஒதுங்கி மூச்சு வாங்கலாம். வெள்ளத்தில் அந்த இடமெல்லாம் மூழ்கிவிட்டது. கரையென்று இருந்த இடத்தில் புதரும் மரமும்தான், அவற்றுக்குள்ளே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வளைவில் நீரோட்டம் எங்களை வெளிக்கரைப் பக்கம் தள்ளியது. அங்கே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து, பாதி ஆற்றை அடைத்துக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் போன கேனோ பக்கவாட்டில் திரும்பி அதன்மேல் மோதியது. பயத்தில் இருவருமே மரத்தை விட்டு விலகிச் சாய்ந்தார்கள். யாராக இருந்தாலும் உடம்பு அப்படித்தான் சாயும். அவ்வளவுதான், தண்ணீர் வந்துகொண்டிருந்த பக்கத்து விளிம்பு உள்ளே அமுங்கி, கண் மூடித் திறப்பதற்குள் படகு நிறைந்துவிட்டது. மோதப் போகிற பொருளை நோக்கித்தான் சாய வேண்டும், அதைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி. கரையில் இரண்டு நிமிடம் செலவழித்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

ஒருவன் எட்டி ஒரு கிளையைப் பிடித்து, மார்பை அடிமரத்தின் மேல் போட்டுக்கொண்டான். பக்கிள் உடைந்த ஜாக்கெட் போட்டிருந்தவன் கிளைகளுக்கு அடியில் போய்விட்டான். அந்தப் பக்கம் வெளியே வந்தபோது ஜாக்கெட் கழன்று மேலே ஏறி, அவன் முகம் அதற்குள் போயிருந்தது. தண்ணீருக்கு மேலே எனக்குத் தெரிந்தது இரண்டு கைகள் மட்டும்தான். நானும் என்னோடு இருந்தவனும் புதருக்குள் படகைச் செருகிக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். வேறு எதுவும் செய்ய எங்களிடம் இல்லை. இந்த மாதிரிப் பயணத்தில் வழிகாட்டியின் கையில் வீச்சுக் கயிற்றுப் பை இருக்க வேண்டும். சுமார் 20 மீட்டர் மிதக்கும் கயிறு ஒரு சின்னப் பையில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும், அப்படியே வீசலாம். எங்கள் மூன்று படகிலும் கயிறென்று ஒரு முழம்கூடக் கிடையாது. கீழே கரையில் நின்றிருந்த ஒருவர், எங்களுக்கு யாரென்றே தெரியாதவர், தன்னிடம் இருந்த கயிற்றை வீசி அவனை இழுத்துப் போட்டார். அவர் அந்த நேரம் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்க முடியவில்லை.

ஓடும் தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம்தான் இந்தப் பயணங்களில் மிக மோசமான ஆபத்துகளில் ஒன்று. படகுக்காரர்கள் அதை ஸ்ட்ரெய்னர் என்பார்கள். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், ஆளும் படகும் போக முடியாமல் அதிலேயே அழுந்திக் கிடக்க வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள்மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 'வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்' என்று அவர்கள் சொன்ன பேச்சுக்கு இதுதான் கணக்கு. தண்ணீர் நிறைந்த கேனோவே பல நூறு கிலோ கனக்கும், அதற்கும் மரத்துக்கும் நடுவில் ஒருபோதும் மாட்டிக்கொள்ளக் கூடாது. விழுந்துவிட்டால் வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும், இடுப்பளவு ஆழத்திலேயே உயிர் போகலாம். மல்லாந்து, பாதங்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, விரல்கள் மேலே தெரிய மிதந்துகொண்டே கரைக்கு ஒதுங்க வேண்டும். எதிரே மரம் வந்து, தப்ப வழியே இல்லை என்றால் மட்டும் இதற்கு நேர் எதிர்: குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க வேகமாக நீந்திப் போய் அதன்மேல் ஏறிவிட வேண்டும்.

அவசர எண் என்று கொடுத்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. புதருக்குள் நடந்தே சாலைக்கு வந்தோம். எங்களை ஏற்றிப் போக வந்த வேன் ஓட்டுநர்தான் உண்மையைச் சொன்னார். முந்தைய நாளே பயணத்தை நிறுத்தி வைத்திருந்தார்களாம். அன்று காலையில் எங்களுக்கு முன் எந்தக் குழுவும் போகவில்லை. தண்ணீர் இறங்கவும் இல்லை, ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது கடைசிப் படியும் மூழ்கியிருந்தது.

அலுவலகத்தில் ஒருவர்கூட 'அடிபட்டதா' என்று கேட்கவில்லை. தொலைந்த துடுப்புக்கும் வளைந்த கேனோவுக்கும் பணம் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றதும் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். வெள்ளம் இயற்கை, எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வெள்ளம் இயற்கைதான். பக்கிள் உடைந்தது இயற்கை இல்லை. தண்ணீர் இறங்குகிறது என்று சொன்ன பொய் இயற்கை இல்லை. எங்கள் மதிப்புரைக்குக் கீழே, நாங்கள் பாதுகாப்பு அறிவுரையை மீறினோம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஓர் அறிவுரையே எங்களுக்குத் தரப்படவில்லை. அவர்கள் சொன்ன எல்லாவற்றிலும் இதுதான் என்னை அதிகம் கொதிக்க வைக்கிறது.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் கடும் அலட்சியத்துக்கு அந்தக் கையெழுத்து முழுக் கவசம் ஆகாது. உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேளுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால், சொன்ன சேவையைத் தரவில்லை என்று வங்கியிடம் முறையிடலாம், நாங்கள் முறையிட்டிருக்கிறோம். அன்றைக்கே ஜாக்கெட், பக்கிள், படிக்கட்டு எல்லாவற்றையும் நேரம் பதிவாகும்படி போட்டோ எடுத்து வைத்தோம், அது இப்போது மிகவும் உதவுகிறது.

பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆற்று மட்டம் எவ்வளவு ஏறினால் பயணத்தை நிறுத்துவீர்கள்? ஒழுங்காக நடத்துகிறவரிடம் இதற்கு ஓர் எண் இருக்கும். அளவுகோலில் இத்தனை மீட்டர், அல்லது வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று யோசிக்காமல் சொல்வார். 'அப்ப பாத்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அவர்கள் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் கரையில் செல்லுபடியாகாது. 'இது முதல் நிலை ஆறு, குழந்தைகள்கூடப் போகலாம்' என்றால், எந்த மட்டத்தில் என்று கேளுங்கள். ஆறுகளின் கடினத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை பிரிக்கும் அந்தச் சர்வதேச அளவுகோலில் ஓர் ஆற்றின் நிலை நிரந்தரமானதல்ல, தண்ணீர் ஏறினால் அதே ஆறு ஒன்றிரண்டு படி மேலே போய்விடும். பயண வழியில் தடுப்பணை உண்டா, தாழ்வான பாலம் உண்டா என்றும் கேளுங்கள். தடுப்பணை மேலிருந்து பார்த்தால் ஒரு நேர்க்கோடாக, சாதுவாகத் தெரியும். அதன் கீழே தண்ணீர் சுருண்டு பின்னோக்கி இழுக்கும், விழுந்தவரை வெளியே விடாது. சாதாரண நாளில் தலைக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கும் பாலம், வெள்ளத்தில் நெஞ்சுக்கு நேரே வந்துவிடும்.

நண்பனுக்கு விலா எலும்பில் அடி, கை முழுக்கச் சிராய்ப்பு. வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், சிராய்ப்பு வழியாக உடம்பில் ஏறும் என்று மருத்துவர் எச்சரித்தார். காய்ச்சலோ கடுமையான தசைவலியோ வந்தால், ஆற்றில் விழுந்ததைச் சொல்லி உடனே வரச் சொன்னார். நல்லவேளையாக அப்படி எதுவும் வரவில்லை.

அந்த நிறுவனம் இன்றும் அதே கண்ணாடித் தண்ணீர்ப் படத்தைப் போட்டு முன்பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறது. வங்கி என்ன முடிவு சொல்கிறது என்பது தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி அனுபவம் உங்களுக்கும் இருந்தால், போட்டோக்களையும் அவர்களோடு பேசிய குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். புகாரில் சேர்க்க உதவும்.